சாட்சிக்கு ஒரு வரி

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லாதவன் என்ன செய்வான்? சலவைக்கூடத்தில் பத்து வருஷமாக எழுத்து வேலை பார்க்கிறேன். வருகிற மூட்டைக்குச் சீட்டு, போகிற மூட்டைக்குச் சீட்டு, விடுப்புக் கடிதம், வேலை கேட்டு விண்ணப்பம், எல்லாம் என் கையால்தான். அங்கே வேலை பார்க்கும் பதினாறு பேரில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காதவர்கள். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த நம்பிக்கையை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். கறை பார்த்துப் பிரித்து, துவைத்து, பிழியும் மிஷினில் போட்டு, கடைசியாக ரோலருக்கு அனுப்புவார்கள். ரோலர் என்பது கொதிக்கக் கொதிக்கச் சுற்றும் இரண்டு பெரிய உருளைகள். ஈர விரிப்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். எங்கே திரும்பினாலும் ஆவி. வெயில் காலத்தில் உள்ளே நிற்க முடியாது. மழைக்காலத்தில் வெளியே போகவே மனசு வராது. நேரக் கணக்கு கிடையாது, அன்றைய மூட்டை முடிந்தால் வீடு. இந்த ஒரு ஏற்பாடுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

பிழியும் மிஷினுக்கு ஒரு மூடி உண்டு, மூடிக்கு ஒரு கொக்கி. உள்ளே சுற்றுகிற உருளை முழுசாக நின்ற பிறகுதான் கொக்கி விடும், மூடி திறக்கும். அதற்கு நாலு நிமிஷம் ஆகும். ஒவ்வொரு முறையும் நாலு நிமிஷம் என்றால் நாள் முழுக்க முக்கால் மணி நேரம். யாரோ ஒரு புண்ணியவான், எனக்கு முந்தைய காலத்தில், கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்து அந்தக் கொக்கியை இழுத்துக் கட்டினான். கட்டிவிட்டால் மூடியை நினைத்த நேரத்தில் திறக்கலாம். சுற்று அடங்குகிற சத்தத்தைக் காதால் பிடித்து, சரியான நொடியில் கையை விடுவார்கள். பழகின காது தப்புவதில்லை. ஐந்தே முக்காலுக்குப் போக வேண்டியவர்கள் ஐந்து மணிக்கே போனோம். சூப்பர்வைசர் அந்த மிஷினைத் தாண்டும்போது மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார். நான் எந்த மிஷினையும் தொடுகிறவனில்லை. ஆனாலும் ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர்களில் நானும் ஒருவன்.

ரோலரைப் பார்த்துக்கொள்பவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்பக்கம் ஒரே துவைக்கிற முற்றம். பதினெட்டு வருஷம் ரோலரில் நின்றவர். படித்து முடித்த பேப்பரைக்கூட நாலு முனையும் சேர்த்துத்தான் மடிப்பார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வீட்டிலேயே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பவர். அவர்களுடைய அப்பா இறந்த பிறகு அக்காவின் தங்கை இவர்களோடு வந்து சேர்ந்தாள். இருபத்துநாலு வயது. சின்னவள் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ரோலர்காரரே சூப்பர்வைசரிடம் சொல்லி அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். பிழியும் மிஷினில் போட்டார்கள்.

முதல் நாளே அவள் அந்தப் பட்டையை அவிழ்த்துவிட்டாள்.

தெரியாமல் செய்துவிட்டாள் என்று நினைத்து எல்லாரும் விளக்கினார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "கொக்கி வெச்சவன் வேலை இல்லாமலா வெச்சான்?" என்றாள். அதோடு சரி. அன்றைக்கு ஐந்தே முக்கால் ஆகிவிட்டது, பாதிப் பேருக்குப் பஸ் போய்விட்டது. மறுநாள் காலையில் யாரோ கட்டி வைத்திருந்தார்கள். சண்டை போடாமல், முகத்தைக்கூடச் சுளிக்காமல், நகத்தால் முடிச்சை நெம்பி அவிழ்த்துப் பட்டையை மடித்து மிஷின் மேலேயே வைத்தாள். இப்படியே ஆறு மாதம். அவர்கள் கட்டுவதும் இவள் அவிழ்ப்பதுமாக.

சும்மா விடுவார்களா? சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சில் அவளுக்கு இடம் இல்லாமல் போனது. டீ வாங்கி வருகிறவளிடம் இவளுக்கு மட்டும் எப்போதும் ஒரு டம்ளர் குறைந்தது. அவள் செருப்பு மட்டும் தினமும் தண்ணீரில் கிடந்தது. "நாலு நிமிஷம் வந்தாச்சா?" "நாலு நிமிஷத்தைக் கேட்டுட்டுச் செய்யுங்க" என்று பேச்சு. நாலு நிமிஷம் என்பது அவளுக்கு வைத்த பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான். ஒருநாள் சீட்டு எழுதிக்கொண்டே போகிறபோக்கில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பத்து வருஷத்தில் நான் சொல்லி எல்லாரும் சிரித்தது அது ஒன்றுதான், அதனால் மறுபடியும் சொன்னேன்.

அவளைவிட அவள் மாமாவான ரோலர்காரருக்குத்தான் இடி அதிகம். ஈர விரிப்பு வருகிற வரைக்கும் ரோலர் சும்மா சுற்றும், அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். போகிறவர் வருகிறவர் எல்லாம் உங்கள் வீட்டு மகாராணிக்கு நீங்களாவது சொல்லக் கூடாதா என்று கேட்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இரவுச் சாப்பாட்டின்போது அவர் குரல் உயர்வது எனக்குக் கேட்கும். ஒருமுறை அக்காவும், உன்னால் அவருக்குத்தானே கெட்ட பெயர் என்று தங்கையைக் கேட்டார். அதற்குச் சின்னவள் என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போகிற சத்தம்தான் கேட்டது.

அன்றைக்கு நல்ல மழை. மூட்டை வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதல். எனக்குச் செருப்பு அறுந்துபோயிருந்தது, புதுசு வாங்க வேண்டும், செருப்புக் கடைக்காரன் ஆறு மணிக்கெல்லாம் கடையைச் சாத்திவிடுவான். என் மேஜைக்கு எதிரில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் வழியாகப் பிழியும் மிஷின் நேராகத் தெரியும். கடிகாரத்தையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூணே கால் இருக்கும், உருளை சுற்றிக்கொண்டிருக்கையில் சின்னவள் தண்ணீர் குடிக்கப் போனாள். ரோலர்காரர் விறுவிறுவென்று வந்தார். மடித்து வைத்திருந்த பட்டையை எடுத்துக் கொக்கியை இழுத்தார், மூன்று சுற்றுச் சுற்றினார், நுனியை உள்ளே சொருகினார். நிமிர்ந்தவர் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல ஒரு கணம் நின்றார்.

நான் சிரித்தேன். சுவர்க் கடிகாரத்தைக் காட்டித் தலையை ஆட்டினேன். அவரும் பாதிச் சிரிப்போடு ரோலருக்குப் போய்விட்டார்.

எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குப் பதினைந்து தப்படி நடந்தால் போதும். எனக்குச் செருப்புக் கடை ஞாபகம்.

கொக்கி கட்டியிருப்பது தெரிந்தவர்கள் சத்தத்தைக் கேட்டுத்தான் கையை விடுவார்கள். கட்டியிருக்காது என்று நம்புகிறவளுக்குச் சத்தம் எதற்கு? மூடி திறந்தால் உருளை நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆறு மாதமாக அவளுக்கு அப்படித்தான். திரும்பி வந்தாள், இடது கையால் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டே, பார்வை வண்டியில் இருக்க, வலது கையால் மூடியைத் தூக்கி உள்ளே விட்டாள். ஈர விரிப்பு கையைச் சுற்றி இழுத்தது. அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

அன்றைக்குச் செருப்பு வாங்கப் போகவில்லை. அடுத்த வாரம் வாங்கினேன். நன்றாகத்தான் உழைக்கிறது.

மறுநாள் மதியம் சூப்பர்வைசர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வரும், எல்லாரும் கட்டுகிற வழக்கம் என்று தெரிந்தால் கூடத்துக்கே பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்றார். "ஒருத்திக்குப் போனது போச்சு. பதினாறு வீட்டு அடுப்பையும் அணைக்கணுமா, நீங்களே சொல்லுங்க" என்றார். நான் சொல்லவில்லை, எழுதினேன். தடையை மீறி அவளே கட்டினாள் என்று அவர் சொல்ல, எனக்கு அந்த வாக்கியம் கொஞ்சம் மொட்டையாகப் பட்டது. 'தடையை மீறி, சக ஊழியர்கள் பலமுறை எச்சரித்தும், தானே வழக்கமாகக் கட்டி வந்தாள்' என்று திருத்தி எழுதினேன். எழுத்து வேலைக்காரனின் கொழுப்பு. சூப்பர்வைசர் படித்துவிட்டு, இதற்குத்தான் படித்த ஆள் வேண்டும் என்றார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் படிக்கவில்லை, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னாடி யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். பெயர்களைச் சொன்னேன். போட்டுவிட்டாள். கடைசியாக ரோலர்காரர் வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"எல்லாரும் போட்டாச்சா தம்பி?"

"போட்டாச்சு அண்ணே. நீங்கதான் பாக்கி."

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகணும்" என்றார். பேனாவைத் தொடவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க போடலைன்னா, ஏன் போடலைன்னு கேப்பாங்க அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே சூப்பர்வைசர் குரல்போலக் கேட்டது.

போட்டார். போட்டுவிட்டு, பழக்க தோஷம், அந்தக் காகிதத்தை நாலு முனையும் சேர்த்து மடித்து என்னிடம் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துச் சின்னவள் வீட்டுக்கு வந்தாள். மூன்று விரல்கள் மடங்கவில்லை. மூன்று மாதத்துக்குள் இன்னொரு ஆபரேஷன் செய்தால் மடங்கும், விட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தப்பு சலவைக்கூடத்துடையது என்றால் வைத்தியம் அவர்கள் பொறுப்பு, வேலையும் இருக்கும். தப்பு அவளுடையது என்றால் இரண்டும் இல்லை. ஆமாம், நான்தான் கட்டினேன் என்று அவளும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது என்று சூப்பர்வைசர் அந்தக் காகிதத்தை என்னிடமே கொடுத்து அனுப்பினார். உங்கள் பக்கத்து வீடுதானே என்றார்.

நான் போனபோது ரோலர்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் ஓரம் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் காகிதத்தை இடது கையால் வாங்கி முழுசாகப் படித்தாள். கையெழுத்துக் கேட்டவர்களில் அதை முழுசாகப் படித்த முதல் ஆள் அவள்தான்.

"நல்லா எழுதியிருக்கீங்க அண்ணா" என்றாள். கேலி இல்லை. பிறகு, "நான் கட்டலை. கட்டாததுனாலதான் கை போச்சு. கட்டினதுனால போச்சுன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

அப்புறம் யார் கட்டியது என்று கேட்பார்களே என்றேன். வாய் என்னுடையது, வெட்கம் கெட்டது.

"எனக்குத் தெரியாது."

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு உள்ளே போனார். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே அறுத்தெடுத்த சட்டைக் கை, ஒரு ஒற்றை வளையல், கையை விடுவிக்கும்போது கத்தியால் வெட்டி, சட்டையோடு சேர்ந்து ஆஸ்பத்திரிவரை வந்துவிட்ட பழைய விரிப்புப் பட்டை. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. பட்டையைக் கணவரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மூணு சுத்து சுத்தி உள்ள சொருகறது. எங்க கொடிக் கயித்துல இருக்கு, வாளிப் பிடியில இருக்கு, அலமாரிக் கைப்பிடியில இருக்கு. பதினெட்டு வருஷமா நான்தான் நகத்தால நெம்பிக்கிட்டு இருக்கேன். பை வந்த அன்னைக்கே தெரியும். இவரு வாயாலயே வரட்டும்னு இருந்தேன்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவரைப் பார்க்கவில்லை.

ரோலர்காரர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. சின்னவள் அந்த முடிச்சை ரொம்ப நேரம் பார்த்தாள். தினம் தினம் அவிழ்த்த முடிச்சுகளில் இதுவும் எத்தனை முறை இருந்ததோ.

"சாப்பிடுங்க மாமா, ஆறுது" என்றாள்.

அவர் அழுதார். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விசாரணை அதிகாரி செவ்வாய்க்கிழமை வருகிறாராம்.

"நான்தான் கட்டினேன்னு எழுதிக் குடுங்க தம்பி. அன்னைக்குப் போட்ட கையெழுத்து பொய்னும் எழுதுங்க. ஆனா கொழுந்தியாளுக்காகச் சொல்றான்னு தள்ளிடுவாங்க. நீங்க பாத்தீங்க. உங்களைச் சிக்கல்ல விடணும்னு இல்லை. ஜன்னல் வழியா நான் பாத்தேன்னு சாட்சிக்கு ஒரு வரி, கீழ உங்க கையெழுத்து. அது போதும்."

எழுதித் தருகிறேன் என்றேன். உண்மையாகவே எழுதித் தருவதாகத்தான் இருந்தேன். உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையிலேயே மிக அழகாக எழுதிய காகிதம் அதுதான். அவர் கட்டியது, எதற்குக் கட்டியது, எல்லாரும் கட்டுவது, சூப்பர்வைசர் கூரையைப் பார்த்து நடப்பது, ஒன்றையும் விடவில்லை. சாட்சி வரிக்கு வந்தேன். பேனா நின்றது. பார்த்தாய் சரி, பார்த்துவிட்டு ஏன் சும்மா இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். பெஞ்சில் எனக்கும் இடம் இருக்காது. எனக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். ஒன்றுமில்லை, ஒரு டம்ளர் டீ குறையும், அவ்வளவுதான். அதற்கே பயந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுக் காகிதத்தை அவரிடம் கொடுத்தேன். நீங்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த அதிகாரி எங்கள் எல்லார் முன்னாலும் அதைப் படித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தது. யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். ரோலர்காரர் என் பக்கம் திரும்பினார். நான் சீட்டுக் கட்டை எடுத்து வரிசை சரிபார்க்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தது.

சாட்சி இல்லாமல், அதுவும் குடும்பத்துக்காரர் வாக்கு மாற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது, மாதக் கடைசிக்குள் யாராவது முன்வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் சூப்பர்வைசர் ரோலர்காரரைக் கூப்பிட்டார். நீங்களே கட்டியதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, இனி எப்படி வேலையில் வைத்துக்கொள்வது என்றார். அவரை வெளியே அனுப்ப அந்தக் காகிதம் போதுமாக இருந்தது. அவள் கைக்கு மட்டும் போதவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் பின்னாலேயே ஓடினேன். மறந்துவிட்டது என்று எதையோ உளறினேன். அவர் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் படிச்சுப் பாத்திருக்கணும் தம்பி" என்றார்.

அதற்கப்புறம் தெருமுனைத் துணி தேய்க்கும் கடையில் வேலைக்குப் போய் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் சண்டைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அக்கா முற்றத்தில் என்னைப் பார்த்தால் எப்போதும்போல, சாப்பிட்டாச்சா தம்பி என்று கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. பிழியும் மிஷினுக்குப் புது ஆள் வந்தாள். வந்த அன்றே கட்டக் கற்றுக்கொண்டாள். ஐந்து மணிக்கு எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, சாயங்காலம், சின்னவள் ஒரு கோடு போட்ட நோட்டோடு முற்றத்துக்கு வந்தாள். கொடியில் என் சட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன். இடது கையால் எழுதப் பழகுகிறாளாம். பக்கம் பக்கமாகக் கோணல் மாணலாக எழுத்துகள். பார்த்து எழுத நல்ல கையெழுத்தில் ஒரு வரி வேண்டும் என்றாள்.

"என்ன எழுதட்டும்?" என்றேன்.

"மாமா கேட்ட வரிதான் அண்ணா."

அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு முடிச்சை நெம்புகிற பொறுமைதான் இருந்தது.

"பேர் போட வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம். உங்க எழுத்து எல்லாருக்கும் தெரியும்ல, ஆபீசர்கிட்ட காட்ட அதுவே போதும். அவருகூட அன்னைக்கு, யாரு எழுதினதுன்னு கேட்டு ரசிச்சாராமே" என்றாள். நோட்டையும் பேனாவையும் துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டு, கொடியிலிருந்த துணிகளை ஒற்றைக் கையால் எடுக்கப் போனாள். நான் எழுதுவதைப் பார்க்காமல் இருக்கத்தான் போனாள் என்று நினைக்கிறேன்.

எழுதினேன். இந்த முறை விடவில்லை. 'அன்று அவர் கொக்கியைக் கட்டியதை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன்.' ஒரு வார்த்தை குறையவில்லை. ஆனால் பேனாவைப் பிடித்ததும் என் கை தானாகவே தயங்கி, சாய்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் கோணலாக்கியது. தானாகவே என்று சொல்வதுகூடப் பொய். நான்தான் அப்படி எழுதினேன். யாருடைய எழுத்து என்று யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்று, பத்து வருஷம் பெருமைப்பட்டுக்கொண்ட கையைத் திருகித் திருகி எழுதினேன்.

அவள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நோட்டை எடுத்துப் பார்த்தாள். தான் எழுதியிருந்த முந்தைய பக்கத்தைப் புரட்டினாள், திரும்பவும் இந்தப் பக்கத்துக்கு வந்தாள்.

"என் இடது கை எழுத்து மாதிரியே இருக்கு அண்ணா" என்றாள்.

நோட்டை மூடி, மடங்காத விரல்களுக்கு நடுவே சொருகிக்கொண்டு உள்ளே போனாள்.